கலைச்சொல் உதவி: புகையிலை ‘இண்டஸ்ட்ரி’ தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

மே 31, புகையிலை எதிர்ப்பு நாளுக்காக ஒரு சிறு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். புகையிலைக் கம்பெனிகள் உலக சுகாதாரக் கொள்கைக்குள் எப்படியெல்லாம் புகுந்து விளையாடின, மக்கள் அமைப்புகள் அதை எப்படி எதிர்த்தன என்பதுதான் விஷயம். ‘டொபாக்கோ இண்டஸ்ட்ரி இன்டர்ஃபியரன்ஸ்’ என்ற தொடர் பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது. உலக சுகாதார அமைப்பு 2012ஆம் ஆண்டு புகையிலை எதிர்ப்பு நாளுக்கு இதையே கருப்பொருளாக வைத்திருந்தது. அப்படியும் தமிழில் நிலைபெற்ற சொல் ஒன்று என் கண்ணில் படவில்லை. இப்போதைக்கு ‘புகையிலைத் தொழில் தலையீடு’ என்று போட்டிருக்கிறேன். எழுதியவனுக்கே பிடிக்கவில்லை. வேறு வழி சொல்லுங்கள்.

– நெல்லையிலிருந்து

* * *

தம்பிக்கு,

தலையீடு வேண்டாம். மருத்துவத்தில் ‘இன்டர்வென்ஷ’னுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துப் பல வருஷம் ஆகிறது. ‘புகையிலைத் தலையீட்டுத் திட்டம்’ என்று சுற்றறிக்கை வந்தால், பழக்கத்தை விடவைக்கும் ஆலோசனைத் திட்டம் என்றுதான் சுகாதாரச் செவிலியர் படிப்பார். நீங்கள் சொல்ல வருவதற்கு நேர் எதிர். ‘குறுக்கீடு’ என்று வையுங்கள். இயற்பியலில் ஒளிக் குறுக்கீடு இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், ஒளி ஒன்றும் வழக்குப் போடாது.

– சேலத்திலிருந்து

* * *

ஐயா சொல்லும் ‘குறுக்கீடு’ சரிதான், ஆனால் சூடு போதாது. பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் பேசுகிறவரும் குறுக்கிடுகிறார்தானே? தலையீடு என்றாலும் குறைந்தபட்சம் ஒரு தலை வெளியே தெரியும். இவர்கள் தலையையே காட்டுவதில்லை. ‘ஊடுருவல்’ என்றால் என்ன?

– சென்னையிலிருந்து

* * *

அனைவருக்கும் வணக்கம். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இவர்கள் தலையையே காட்டுவதில்லை.

இது சும்மா சொல்விளையாட்டு இல்லை, ஆவணமே இருக்கிறது. அமெரிக்க வழக்குகளால் சிகரெட் கம்பெனிகளின் உள்காகிதங்கள் வெளியே வந்த பிறகு, உலக சுகாதார அமைப்பின் தலைமை இயக்குநராக இருந்த க்ரோ ஹார்லெம் ப்ருண்ட்லாந்த் ஒரு குழுவைப் போட்டார். சுவிட்சர்லாந்தின் தாமஸ் ஸெல்ட்னர் அதற்குத் தலைவர். 2000இல் வந்த அறிக்கையைப் படித்தால், கம்பெனியின் பெயர்ப்பலகையோடு யாரும் எங்கேயும் போகவில்லை என்பது தெரியும். ஆலோசகர், நிபுணர், ஐ.நா.வின் இன்னொரு அமைப்பு, விவசாயிகள் சங்கம் என்று ஒவ்வொரு வேஷம். 1992இல் புவெனஸ் அய்ரஸில் புகையிலையும் உடல்நலமும் பற்றிய உலக மாநாடு நடந்தது. செய்தியாளர்களின் கவனத்தை அதிலிருந்து எய்ட்ஸ், குழந்தைகள் தடுப்பூசி போன்ற வேறு சுகாதாரப் பிரச்சினைகள் பக்கம் திருப்பத் திட்டம் போட்டிருக்கிறார்கள். தடுப்பூசிக்காக யார் பேசினாலும் நாம் கைதட்டத்தானே செய்வோம்!

இப்படி முன்னால் நிறுத்தப்படும் அமைப்புகளுக்கு ‘முகப்பு அமைப்பு’, ‘முகமூடி அமைப்பு’ என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. பத்திரம் ஒருவர் பேரில், பணம் இன்னொருவருடையது. இதற்கு நம் ஊர் டீக்கடையில் என்ன பெயர்? பினாமி. பார்சியில் இருந்து வந்த சொல்தான், ஆனால் விளக்கமே தேவையில்லை. ‘பினாமி அமைப்பு’ என்று போட்டுவிட்டேன். சேலம் ஐயா கோபிக்க வேண்டாம்.

2017இல் சிகரெட் கம்பெனியான ஃபிலிப் மாரிஸ் இன்டர்நேஷனல், ஆண்டுக்குச் சுமார் 8 கோடி டாலர் வீதம் 12 ஆண்டுகள் தருவதாகச் சொல்ல, ‘புகையற்ற உலகத்துக்கான அறக்கட்டளை’ என்று ஒன்று தொடங்கப்பட்டது. பெயரைப் பாருங்கள்! உலக சுகாதார அமைப்பு அதனோடு சேரமாட்டேன் என்றது. 2018 ஜனவரியில் அமெரிக்கா, கனடாவின் 17 பொதுச் சுகாதாரக் கல்லூரிகளின் தலைவர்கள் அந்தப் பணம் வேண்டாம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். ஆனால் இதைப் பினாமி என்று எழுத எனக்குத் துணிவில்லை. பணம் யாருடையது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்களே. பத்திரத்தில் இரண்டு பெயரும் இருந்தால் பினாமி ஆகுமா? வழக்கறிஞர்கள் யாராவது சொல்லுங்கள்.

‘ஊடுருவல்’ என்று வைத்தால் எல்லை தாண்டி வந்தவன் நினைவுக்கு வருவான். ஆகவே குறுக்கீட்டுக்கே என் ஓட்டு. சூடு போதாவிட்டாலும் அர்த்தம் தடம் மாறாது.

இனித்தான் என் உண்மையான சிக்கல். நாம் மூன்று நாளாகத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், முள் தைத்திருப்பதோ காலில்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜப்பான் டொபாக்கோ இன்டர்நேஷனலிடமிருந்தும், புகையிலைக் கம்பெனிகளின் பணத்தில் நடக்கும் ஓர் அறக்கட்டளையிடமிருந்தும் சேர்த்து 1.5 கோடி டாலருக்கு மேல் வாங்கியிருந்தது. புகையிலை வயல்களில் குழந்தை உழைப்பை ஒழிக்க என்று கணக்கு. 2017இல் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுநல அமைப்புகள் கூட்டாகக் கடிதம் எழுதி எதிர்த்தன. ஜெனீவாவில் ஆட்சிக்குழு கூடும்போதெல்லாம் முடிவு தள்ளிப்போனது. 2018 முடிவதற்குள் அந்த ஒப்பந்தங்கள் காலாவதியாகி, புதுப்பிக்கப்படாமல் போயின. இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் வாக்கியம் இது:

“சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு புகையிலைத் தொழிலிடமிருந்து நிதி பெறக் கூடாது என்று போராட்டம் வெடித்தது.”

இதை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் முறம், முறத்தின் ஓரத்தில் தூள், ராத்திரியே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை. தகட்டை வைத்து இலையை நறுக்கி, தூள் போட்டு உருட்டி, நூலைச் சுற்றி நுனியை மடக்குவதற்குள் அடுத்த இலை கைக்கு வந்துவிடும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்:

“எய்யா, எங்களுக்குத் துட்டு குடுக்கப்பிடாதுன்னா போராட்டம் பண்ணுதாவ?”

அவள் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. என் வாக்கியம் அதைத்தான் சொல்கிறது. தமிழில் தொழில் என்றால் பிழைப்பு. ‘என்ன தொழில் செய்றீங்க’ என்று கேட்டால் யாரும் பங்குச் சந்தைப் பட்டியலைச் சொல்வதில்லை. பீடி சுற்றுவது தொழில், இலை பயிரிடுவது தொழில், பெட்டிக்கடை வைப்பது தொழில். ‘புகையிலைத் தொழிலுக்கு எதிரான போராட்டம்’ என்று எழுதும்போதே தென்காசிப் பக்கத்து வீடுகளில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்களை எதிர்த்தரப்பில் நிறுத்திவிடுகிறோம்.

உடன்படிக்கை அப்படிச் சொல்லவே இல்லை. 2003இல் ஏற்கப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் முதல் உறுப்பிலேயே இந்த ‘இண்டஸ்ட்ரி’க்கு வரையறை இருக்கிறது: புகையிலைப் பொருள் உற்பத்தியாளர், மொத்த விநியோகஸ்தர், இறக்குமதியாளர். அவ்வளவுதான். விவசாயி கிடையாது, கூலிக்குச் சுற்றுகிறவர் கிடையாது. மாறாக 17ஆம் உறுப்பு, விளைவிப்பவருக்கும் தொழிலாளிக்கும் சில்லறை விற்பவருக்கும் மாற்றுப் பிழைப்புக்கு வழி செய்யச் சொல்கிறது. இன்டர்ஃபியரன்ஸ் பேச்சுக்கெல்லாம் தாய் 5.3ஆம் உறுப்பு. கொள்கை வகுக்கும்போது புகையிலை இண்டஸ்ட்ரியின் வணிக நலன்களிலிருந்தும் பிற சுயநலன்களிலிருந்தும் அதைக் காக்க வேண்டும் என்கிறது. அங்கேயும் அந்த முதல் உறுப்பின் மூன்று பேர்தான் குறி.

இந்தக் குழப்பத்தால் லாபம் யாருக்கு என்று பாருங்கள். 2016 நவம்பரில் உடன்படிக்கையின் ஏழாவது மாநாடு கிரேட்டர் நொய்டாவில் கூடியது. தில்லியில் மூச்சுவிட முடியாத புகைமூட்டம் இருந்த அதே வாரம் (புகையிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் மறக்க முடியவில்லை). தங்களையும் பேச அனுமதிக்க வேண்டும் என்று புகையிலை விவசாயிகள் போராடினார்கள். வயலும் கடனும் இருக்கிறவர்களின் அச்சம் பொய்யில்லை. அதே சமயம், மாநாட்டு அரங்கிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் தில்லி ஓட்டல் ஒன்றில் தங்கி ஃபிலிப் மாரிஸ் ஆட்கள் வேலை பார்த்தார்கள் என்பது அடுத்த ஆண்டு ராய்ட்டர்ஸ் வெளியிட்ட உள்ஆவணங்களால் தெரிந்தது. தெருவில் நின்றவரும் ஓட்டலில் இருந்தவரும் நம் தமிழில் ஒரே ‘புகையிலைத் தொழில்’. கம்பெனிக்காரர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய சொல்லை நாம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மாற்றாக என்ன வைப்பது? ‘புகையிலை முதலாளிகள்’ என்று எழுதினேன், அடித்தேன். சீனாவில் புகையிலை அரசின் ஏகபோகம். ஜப்பான் டொபாக்கோவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஜப்பான் அரசே வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நம் எல்.ஐ.சி.யிடமும் சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யின் பங்கு இருக்கிறது. அரசுக் கம்பெனிக்கும் தனிச்சலுகை கூடாது என்று 5.3ஆம் உறுப்புக்காக 2008இல் டர்பனில் ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. முதலாளி என்றால் அவர்கள் தப்பிவிடுவார்கள். ‘பெருநிறுவனங்கள்’ என்றால் ஊருக்குள் இருக்கும் நடுத்தர பீடி உற்பத்தியாளர், மொத்த வியாபாரி நழுவுவார்.

ஆகவே என் முன்மொழிவு: புகையிலை வணிகத் தரப்பு. ‘தரப்பு’ நீதிமன்றத்தில் புழங்கும் சொல், யாருக்கு எதிரே யார் என்பதும் தெரியும். முழுத்தொடர் ‘புகையிலை வணிகத் தரப்பின் குறுக்கீடு’. எப்படி?

– நெல்லையிலிருந்து

* * *

வணக்கம். எங்கட பக்கம் நிலைமை இன்னும் மோசம். இலங்கையில் இண்டஸ்ட்ரிக்குக் ‘கைத்தொழில்’ என்றுதான் பாடப்புத்தகமும் அரசாங்கமும் எழுதும். ‘புகையிலைக் கைத்தொழில்’ என்று யாழ்ப்பாணத்தில் சொல்லிப் பாருங்கோ, சுருட்டுக் கொட்டில்தான் கண்ணுக்குள் வரும். ஓலைக்கொட்டிலில் வரிசையாய் இருந்து சுருட்டுச் சுத்தின கிழவர் ஜெனீவாவில் போய்க் குறுக்கிட்டார் என்றால் சிரிப்பார்கள்.

‘வணிகத் தரப்பு’ சட்டத்துக்குச் சரி. பதாகையில் எழுதினால் ஒருத்தரும் நின்று வாசிக்க மாட்டினம். தம்பி, உங்கட முதல் மடலின் இரண்டாவது வசனத்தைத் திரும்ப வாசியுங்கோ. உதவி கேட்க முன்னமே, யோசிக்காமல் ‘புகையிலைக் கம்பெனிகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேயும் கம்பனி என்றால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

– யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

அம்பலம் ஏறிய சொல்லை விட்டுவிட்டுத் திண்ணையில் கிடந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார் யாழ்ப்பாணத்து நண்பர். ‘கம்பெனி’ தமிழா என்று என்னிடம் கேட்காதீர்கள், கேட்டால் பதில் நீளும். உடன்படிக்கையின் வாசகத்தை மேற்கோள் காட்டும் இடத்தில் ‘வணிகத் தரப்பு’, மற்ற இடங்களில் ‘கம்பெனிகள்’ என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். முதல் பக்கத்தில் வரையறையைச் சொல்லிவிடுங்கள். விவசாயியும் சுற்றுகிறவரும் இதில் அடக்கமில்லை என்று ஒரு வரி தனியாக வரட்டும்.

பினாமி பற்றி எனக்கு ஒரு கோபமும் இல்லை. சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

– சேலத்திலிருந்து

* * *

ஐயாவுக்கும் யாழ்ப்பாணத்து அண்ணருக்கும் நன்றி. என் மடலில் நானே எழுதியது என் கண்ணில் படவில்லை!

இப்போது வாக்கியம் இப்படி: “குழந்தை உழைப்பை ஒழிக்கிறோம் என்ற பெயரில் புகையிலைக் கம்பெனிகளிடம் பணம் வாங்காதே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை எதிர்த்துப் பொதுநல அமைப்புகள் போராடின.” அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அவன்ட்ட வாங்குனா அவன் சொல்லுத படிலா ஆடணும்” என்றாள். குறுக்கீடு என்ற சொல்லே அவளுக்குத் தேவைப்படவில்லை. அதை யாரிடம் முறையிடுவது!

ஒன்று மட்டும் பாக்கி. தலைப்பில் இடம் இல்லாததால் ‘கம்பெனிக் குறுக்கீடு’ என்று சுருக்க வேண்டியிருக்கிறது. கடன் வாங்கிய சொல்லுக்குப் பின்னால் ஒற்று மிகுமா, மிகாதா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

– நெல்லையிலிருந்து