தடை முடிந்தால் வக்கீல் தானாகத் திரும்பிவிடுவாரா?

*குடும்பக் குழு*

அத்தை: தம்பி, என் சொத்து வழக்கை நடத்துகிற வக்கீலுக்கு எட்டு மாதம் தடை போட்டுவிட்டார்களாம். யாரோ ஒரு கட்சிக்காரரின் பணத்தைத் தன் செலவுக்கு எடுத்துவிட்டாராம். எட்டு மாதம் முடிந்த மறுநாளே கோர்ட்டுக்கு வந்துவிடுவாரா? காத்திருக்கட்டுமா?

சித்தப்பா: காத்திருக்காதே அக்கா. முதலில் கேஸ் கட்டை வாங்கு. தடை வந்ததும் கட்சிக்காரர்களுக்குத் தகவல் சொல்லி, கட்டையும் மீதிப் பணத்தையும் திருப்பித் தருவது அவர் கடமை. அடுத்த வாய்தாவுக்கு வேறு வக்கீல் வேண்டும்.

அத்தை: நல்ல மனிதர் தம்பி. பத்து வருடப் பழக்கம். எட்டு மாதம்தானே என்று பார்த்தேன்.

சித்தப்பா: எட்டு மாதத்தில் வந்துவிடுவார் என்று சொல்ல முடியாது. விதி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளை எடுத்துக்கொள். தடை ஆறு மாதமோ அதற்குக் குறைவோ என்றால், உத்தரவின்படி நடந்தேன் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து, கட்டணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பலாம். ஆறு மாதத்தைத் தாண்டினால் மனுப் போட வேண்டும். தகுதியை நிரூபிக்கிற பொறுப்பும் அவருடையதுதான்.

பெரியப்பா: அடுத்தவர் பணத்தில் கை வைத்தவரை மறுபடி எதற்கு உள்ளே விட வேண்டும்?

சித்தப்பா: அண்ணா, தடை வேறு, பட்டியலிலிருந்து பெயரையே நீக்குவது வேறு. பெயர் நீக்கப்பட்டவர் அந்த மாதிரி விதிப்படி ஐந்து ஆண்டு கழித்துத்தான் மனுவே போட முடியும். தடை பெற்றவருக்கும் சும்மா கதவு திறப்பதில்லை. எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தாரா, செய்த தவறின் கனம் புரிந்திருக்கிறதா, இடையில் வேறு தவறு செய்தாரா, சட்டத்தில் வந்த மாற்றங்களைப் படித்துக்கொண்டிருந்தாரா, எல்லாம் பார்ப்பார்கள். குடிப்பழக்கம் காரணமாக இருந்தால் குறைந்தது ஓராண்டு தொடாமல் இருந்ததைக் காட்ட வேண்டும். சிலரை மறுபடி தேர்வு எழுதச் சொல்வார்கள், சிலரை இன்னொரு வக்கீலின் மேற்பார்வையில் விடுவார்கள்.

சித்தப்பா: பலர் சறுக்குவது தடைக் காலத்தில்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் தெரிந்தவர்தானே என்று சொந்தக்காரருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். தடை இருக்கும்போது தொழில் செய்தார் என்று அதுவே புதுக் குற்றமாகிவிட்டது. மூன்று நாள் வேலை, அவர் திரும்பிவரப் பல வருடம் ஆனது. நினைத்தால் இன்னும் மனது கஷ்டமாக இருக்கிறது.

நான்: சித்தப்பா, ஒரு சந்தேகம். தவறே செய்யவில்லை என்று கடைசிவரை சொல்பவர் என்ன செய்வார்? வருத்தப்பட்டதாகப் பொய் சொல்ல வேண்டுமா?

சித்தப்பா: நல்ல கேள்வி. அல்ஜர் ஹிஸ் என்று ஓர் அமெரிக்க வக்கீல். பொய்ச்சாட்சி சொன்னதாக 1950-இல் தண்டனை, 44 மாதம் சிறை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1952-இல் வக்கீல் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள். அப்புறம் எழுதுபொருள் விற்றுப் பிழைத்தார். 1975-இல், எழுபது வயதில், திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை தான் குற்றவாளி இல்லை என்றே சொன்னார். வக்கீல்களைக் கண்காணிக்கிற மேற்பார்வை வாரியம் அவரைச் சேர்க்க வேண்டாம் என்றது. குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் சேர்ப்போம் என்று கட்டாயப்படுத்த முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு. உள்ளே வருவதற்காக ஒருவனைப் பொய் சொல்ல வைத்தால் அப்புறம் அவனுடைய நேர்மையை எதைக் கொண்டு அளப்பது?

பெரியப்பா: காந்தியையும் நீக்கினார்கள் இல்லையா?

சித்தப்பா: ஆமாம் அண்ணா. லண்டனில் இன்னர் டெம்பிள் என்கிற வழக்கறிஞர் சங்கம் 1922-இல் நீக்கியது, 1988-இல் பெயரைத் திரும்பச் சேர்த்தது. அவர் போய் நாற்பது வருடம் கழித்து.

பெரியப்பா: சரி, அது வேறு. இந்த ஆள் பணத்தை எடுத்தவர்.

சித்தப்பா: அதனால்தான் அண்ணா, திருப்பிக் கொடுத்த ரசீது இல்லாமல் அவர் வாயால் சொல்வதை ஏற்கக் கூடாது என்கிறேன். கொடுத்துவிட்டு, ஒழுங்காக இருந்து, நிரூபித்தும் காட்டினால் அவருக்கு வழி இருக்க வேண்டும்.

அத்தை: இப்போதுதான் போன் செய்தேன். அவரே எடுத்தார். குரலே சரியில்லை. நாளைக் காலை கட்டைத் தருகிறேன், மன்னித்துவிடுங்கள் அம்மா என்றார்.

சித்தப்பா: ஒவ்வொரு தாளையும் எண்ணி வாங்கு அக்கா. பெற்றுக்கொண்டதாக எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பிரதி ஒன்று அவரிடமும் இருக்கட்டும், மனுப் போடும்போது அவருக்கு உதவும்.

அத்தை: சரி தம்பி. அதை அவரிடமும் சொல்கிறேன்.