டிராக்கில் ஓட்டிய பிறகு கியர் விழவே மாட்டேன் என்கிறது, அவசரம்

செட்டிப்பாளையத்தான்
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் 402 மீட்டர் (கால் மைல்) நேர்கோட்டு ரேஸ் ஏழு ரன் ஓடினேன். கடைசி ரன்னிலேயே இரண்டாவது கியர் இறுகிய மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது சிக்னலில் நின்றால் முதல் கியர் விழவில்லை, முழு பலத்தையும் போட்டுத் தள்ள வேண்டியிருந்தது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன், ஓட்டிக்கூடப் பார்க்காமல் கியர்பாக்ஸ் போய்விட்டது, 30,000 ஆகும் என்கிறார்கள். நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும். பாக்ஸ் நிஜமாகவே போய்விட்டதா?

14ஆம் நம்பர் ஸ்பேனர்
என்ன வண்டி என்றே சொல்லவில்லையே. கிளட்ச் கேபிளில் இயங்குவதா, ஹைட்ராலிக்கா (ஆயில் அழுத்தம்)? எத்தனை கி.மீ. ஓடியது? முக்கியமாக, இன்ஜினை அணைத்துவிட்டால் கியர் எப்படி விழுகிறது? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

திருப்பூர் டீசல்
கியர் ஆயில் என்ன ஊற்றினீர்கள்? ஜிஎல்-5 (கியர் ஆயில் தரக் குறியீடு) என்றால் அதுதான் காரணம், வேறெதையும் தேட வேண்டாம். அதில் கந்தகச் சேர்க்கை அதிகம், கியர் விழும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கும், வழுக்கலும் கூட, வளையம் கியரின் கோனைப் பிடிக்காது. வடித்துவிட்டு ஜிஎல்-4 75டபிள்யூ-90 ஊற்றுங்கள்.

சோழவரம் பழசு
தம்பி, சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலிருந்து இதைப் பார்க்கிறேன். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு கியர் மாற்றத் தெரியாது. ஐயாயிரம் ஆர்பிஎம்மில் கிளட்சைப் படக்கென்று விட்டால் பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும்? நம்ம கோயம்புத்தூர் ரேஸர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா கார் கட்டிய ஊரில் இருந்துகொண்டு இதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சின்க்ரோ போய்விட்டது. பாக்ஸை இறக்குங்கள்.

மவுண்ட் முருகேசு
அண்ணா, இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) பார்த்தீர்களா? லாஞ்சில், அதாவது நின்ற இடத்திலிருந்து எகிறிக் கிளம்பும்போது, முதலில் கிழிவது அதுதான். மவுண்ட் கிழிந்தால் இன்ஜின் ஆடும், பாக்ஸும் கூடவே ஆடும், கியர் ராடு கோணம் மாறிவிடும். பானெட்டைத் திறந்து வைத்து ஒருவரை ஹேண்ட்பிரேக் போட்டு முதல் கியரில் லேசாகக் கிளட்சை விடச் சொல்லுங்கள், நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். இன்ஜின் எகிறினால் தெரிந்துவிடும். என் வண்டியில் இதேதான் நடந்தது.

அவிநாசி ரோடு
டிராக் என்கிறீர்கள், எந்த டிராக்? ராத்திரி பைபாஸில் ஓட்டிவிட்டு இங்கே வந்து டிராக் என்று எழுதுபவர்கள் நிறைய. மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவு, பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டினால் ஜெயில் உண்டு, 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை அபராதம் 5,000 வரை. நான் தினமும் அந்த ரோட்டில்தான் பிள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிறேன்.

செட்டிப்பாளையத்தான்
மூடிய டிராக், ஹெல்மெட், ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்தது. ரோட்டில் ஓட்டுபவன் இல்லை நான். வண்டி மாருதி எஸ்டீம் கார், 2004, 85 குதிரைசக்தி 16 வால்வு இன்ஜின். கேபிள் கிளட்ச். 1,12,000 கி.மீ. ஆயில் போன வருடம் மாற்றியது, என்ன ஆயில் என்று ஞாபகம் இல்லை. இன்ஜின் அணைத்தால் ஐந்து கியரும் ரிவர்ஸும் வெண்ணெய் மாதிரி விழுகிறது.

14ஆம் நம்பர் ஸ்பேனர்
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். அணைத்தால் சுலபம், ஓடும்போது மட்டும் கடினம் என்றால் பாக்ஸைத் தொடுவதற்கு முன்னால் கிளட்சைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் பெடலை மிதித்தும் கிளட்ச் இன்ஜினை பாக்ஸிலிருந்து முழுசாக விடுவிக்கவில்லை, அதனால் பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரிவர்ஸில் சின்க்ரோ கிடையாது, அதனால்தான் முதலில் அங்கே கரகரக்கிறது.

இரண்டு சோதனை சொல்கிறேன். ஒன்று, நியூட்ரலில் ஐடிலில் விட்டு கிளட்சை அடிவரை மிதித்து மனதுக்குள் பத்து எண்ணி அப்புறம் ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் சரியாக இருந்தால் அதற்குள் ஷாஃப்ட் நின்றிருக்கும், சத்தம் வராது. பத்து எண்ணியும் கரகரத்தால் கிளட்ச் இழுக்கிறது. இன்னொன்று, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்னால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம்), முதல் கியர் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முன் சக்கரம் வேகமாகச் சுற்றினால் சந்தேகமே வேண்டாம்.

பெடலின் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா போகும் தூரம்) 15 முதல் 25 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதையும் அளந்து சொல்லுங்கள்.

திருப்பூர் டீசல்
ஆயில் என்ன என்றே தெரியாது என்கிறார், அதை விட்டுவிட்டு எல்லோரும் கிளட்ச் கிளட்ச் என்கிறீர்கள்.

14ஆம் நம்பர் ஸ்பேனர்
ஆயில் கெட்டிருந்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கெடும் நண்பரே, ஒரே மதியத்தில் ரிவர்ஸ் கரகரக்காது. இப்போது ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டுக்கும் பொருந்துகிற, பித்தளையை அரிக்காத ஆயிலும் கிடைக்கிறது. எஸ்டீமுக்கு ஜிஎல்-4 போதும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன், இந்த மாதிரி முன் சக்கர இழுவை வண்டியில், ஜிஎல்-5 தேவைப்படும் ஹைபாய்ட் கியர் (பல் உரசிச் சுற்றும் வகை) கிடையாது. ஆனால் இந்தக் கோளாறுக்கு அது காரணம் இல்லை.

திருப்பூர் டீசல்
நான் நாலு பாக்ஸ் பிரித்துப் பார்த்தவன். வளையம் கறுத்துப் போயிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

சோழவரம் பழசு
அணைத்தால் விழுகிறது என்பதால் சின்க்ரோ நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஷாஃப்ட் சுற்றும்போதுதான் சின்க்ரோவுக்கே வேலை.

14ஆம் நம்பர் ஸ்பேனர்
அது சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் பத்து எண்ணச் சொன்னேன். கிளட்ச் இழுப்பதைச் சரிசெய்த பிறகும் இரண்டாவது கியர் மட்டும் உறுமினால் அப்போது சின்க்ரோவைப் பேசலாம்.

செட்டிப்பாளையத்தான்
பத்து எண்ணினேன், இருபதும் எண்ணினேன். கரகர போகவில்லை. ஃப்ரீ பிளே ஸ்கேலில் 45 மி.மீ. வருகிறது. மவுண்ட் ஆடவில்லை, தம்பி வீடியோ எடுத்தான். இன்னொரு விஷயம், முக்கியமா தெரியவில்லை, ரேஸுக்கு இரண்டு வாரம் முன்னால் கிளட்ச் மாற்றினேன், பட்டன் பிளேட் (ரேஸுக்கான கிளட்ச் தட்டு), கூடவே அதை அழுத்திப் பிடிக்கும் கனமான பிரஷர் பிளேட். பெடல் கல்லு மாதிரி இருந்தது, பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மவுண்ட் முருகேசு
அண்ணா!! இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

14ஆம் நம்பர் ஸ்பேனர்
முக்கியமா என்று கேட்கிறீர்கள், இதுதான் விஷயமே. கனமான பிரஷர் பிளேட்டை அழுத்த அதே பழைய கேபிள்தானே? 2004இல் போட்டதாகக்கூட இருக்கலாம். ஏழு லாஞ்சில் கேபிள் நீண்டிருக்கும் அல்லது இழை இழையாக அறுந்துகொண்டிருக்கும், பெடல் பாதி தூரம் சும்மா போகிறது. பாக்ஸ் பக்கம் கேபிள் நுனியில் ரப்பரை விலக்கிப் பாருங்கள். நட்டை முறுக்கி இப்போதைக்கு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், இழை அறுந்திருந்தால் நடுரோட்டில் போய்விடும். ரிலீஸ் ஃபோர்க் (கேபிள் இழுக்கும்போது கிளட்சை விடுவிக்கும் நெம்புகோல்) வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், கனமான பிளேட் போட்டால் அதுவும் வளையும். பாக்ஸை இறக்க நாளைக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

அவிநாசி ரோடு
டிராக்கில்தான் ஓட்டினார் என்றால் என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் அந்தக் கிளட்சோடு தினமும் ஆபீஸுக்கும் அதே வண்டியில் போகிறார் இல்லையா?

திருப்பூர் டீசல்
கேபிள் மாற்றும்போது ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

செட்டிப்பாளையத்தான்
ஒர்க் ஷாப்பை வேண்டாம் என்றேன். கேபிள் நுனியில் நாலு இழைதான் மிச்சம். புதிது போட்டாச்சு. முதல் கியர், ரிவர்ஸ் இரண்டும் விழுகிறது. ரொம்ப நன்றி அண்ணா.

14ஆம் நம்பர் ஸ்பேனர்
மகிழ்ச்சி. ஃப்ரீ பிளே எவ்வளவு வைத்தீர்கள்? ஃபோர்க் பார்த்தீர்களா? இரண்டாவது கியர் அதிக ஆர்பிஎம்மில் எப்படி?

சோழவரம் பழசு
இரண்டாவது கியரைக் கேட்டதற்குப் பதில் வரவில்லை, கவனித்தீர்களா.

14ஆம் நம்பர் ஸ்பேனர்
தம்பி, இரண்டாவது கியர்?