நல்ல ஸ்பீக்கர், மலிவான ரிசீவர்: திருகோணமலையில் வாங்கியவர்களும் மாட்டுப்பட்டவர்களும்

உவர்மலையிலிருந்து:

லண்டனில் இருக்கும் அண்ணா பொங்கலுக்கு வந்தபோது, தான் பாவித்த கேஈஎஃப் கியூ150 ஸ்பீக்கர் சோடியை உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்து தந்தார். "இனி ஒரு ரிசீவர் மட்டும் வாங்கினால் சரி" என்றார். படத்தின் சத்தத்தைப் பெருக்கி, ஐந்தாறு ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் ரிசீவர். அந்த "மட்டும்" என்ற சொல்லை நம்பித்தான் மாட்டுப்பட்டேன்.

புதியது வாங்கும் எண்ணம் முதல் நாளே போய்விட்டது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியதற்குப் பிறகு புது ரிசீவரின் விலையைக் கேட்டால் மோட்டார் சைக்கிள் விலை மாதிரி இருக்கிறது. ஆகவே பாவித்த ஒன்றை 45,000 ரூபாய்க்கு வாங்கினேன். முன்னால் "100 வாட்ஸ்" என்று வடிவாக எழுதியிருந்தது. அண்ணா தந்த ஸ்பீக்கருக்கும் 100 வாட்ஸ் வரை தாங்கும் என்று போட்டிருந்தது. பொருத்தம் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் மச்சான்மார் வந்தார்கள், சண்டைப் படம் போட்டோம், சத்தத்தைக் கூட்டினோம். "டிக்" என்று ஒரு சத்தம். படம் ஓடுகிறது, பேச்சில்லை. ரிசீவரின் முகத்தில் "புரொடெக்ட்" என்று எழுத்து மின்னுகிறது. அணைத்துப் போட்டால் பத்து நிமிடம் ஓடும், திரும்பவும் டிக். ஸ்பீக்கரை எரித்துவிட்டேன் என்ற பயத்தில் அந்த இரவிலேயே அண்ணாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "ரிசீவரின் பின்பக்கம் எத்தனை ஓம் என்று போட்டிருக்கிறது?" ரோர்ச் அடித்துப் பார்த்தேன். 6 முதல் 16 ஓம், அதாவது அவ்வளவு தடை உள்ள ஸ்பீக்கரைத்தான் அது ஓட்டும். ஸ்பீக்கரை 8 ஓம் என்றுதான் விற்கிறார்கள். ஆனால் அதன் விவரத் தாளில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருக்கிறது: ஆகக் குறைந்த நிலை 3.7 ஓம். சில அலைவரிசைகளில் ஸ்பீக்கரின் தடை அவ்வளவுக்கு இறங்கும், அந்த நேரம் ரிசீவரிடமிருந்து இரண்டு மடங்குக்கு மேல் கரண்ட் இழுக்கும். குறைந்த விலை ரிசீவருக்கு அங்கேதான் மூச்சு முட்டுகிறது.

இன்னொரு கூத்தும் செய்திருந்தேன். தூசி படும் என்று அம்மா ரிசீவரைக் கண்ணாடி அலமாரிக்குள் வைக்கச் சொன்னார், வைத்தேன், கதவையும் மூடினேன். சித்திரை மாத வெயிலில், திருகோணமலையில்.

இப்படி வேறு யாருக்காவது நடந்ததா? என்ன செய்தீர்கள்?

கிண்ணியாவிலிருந்து:

தம்பி, உங்களுடையது டிக் என்றுதான் சொன்னது. என்னுடையது புகைந்தது.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமான்களுக்குள் ஒரு ரிசீவர் கிடைத்தது. தூக்கினால் இடுப்புப் பிடிக்கும் பாரம், ஒரு கீறல் இல்லை, விலை 18,000. நானாவும் நானும் சந்தோசமாகக் கொண்டுவந்து சுவரில் செருகினோம். மூன்று நொடி கூட ஆகவில்லை. ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நம்மிடம் 230. பிளக்குக்கு அடப்டர் போட்டால் கால் மட்டும்தான் பொருந்தும், வோல்ட் மாறாது. அதற்கு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும், அதுவும் ரிசீவர் இழுக்கும் வாட்ஸைவிடப் பெரியதாக. அந்தக் காசையும் சேர்த்தால் மலிவு எங்கே?

இப்போது வைத்திருப்பது மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. அங்கேயும் 240 வோல்ட்தான், நேரே செருகலாம். வாங்கும் முன் பின்பக்கத் தகட்டை ஃபோனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். விற்பவர் "எல்லாம் சரி" என்றாலும் பாருங்கள்.

நகருக்குள் திருத்து வேலை செய்பவர்:

இருபது வருடமாக டிவி, அம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) திருத்துகிறேன். தம்பி கேட்டதற்கு நேரடியாகச் சொல்கிறேன், உங்கள் ஸ்பீக்கரும் சுகம், ரிசீவரும் சுகம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது அணைந்தது. அந்த எழுத்து வராமல் இருந்திருந்தால் அது என் மேசைக்கு வந்திருக்கும்.

வாட்ஸ் கணக்கைப் பற்றி ஒன்று. அந்த 100 எப்படி அளந்தது என்று சின்ன எழுத்தில் பாருங்கள். 1 கிலோஹேர்ட்ஸ், ஒரு சனல் மட்டும், 10 சதவீதம் பிறழ்வு என்றிருந்தால் அது படம் காட்டுவது. 20 ஹேர்ட்ஸிலிருந்து 20 கிலோஹேர்ட்ஸ் வரை, இரண்டு சனலும் ஓடும்போது, 8 ஓமில், 0.08 சதவீதம் போன்ற பிறழ்வு என்றால் அந்த எண்ணை நம்பலாம், அது 60 ஆக இருந்தாலும். 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு அது "கொஞ்சம் கூட" என்று தெரியும், அவ்வளவே. சாதாரணமாக வீட்டில் படம் பார்க்கும்போது ஓடுவது சில வாட்ஸ். வெடி விழும்போதுதான் மிச்சம் தேவை. உங்கள் கியூ150 ஒரு வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டரில் 86 டெசிபெல் தரும் சாதி. 90 தரும் ஸ்பீக்கருக்குப் போதுமான வாட்ஸைவிட அதற்கு இரண்டரை மடங்கு வேண்டும். சின்ன அறை என்றால் அதுவும் பிரச்சினையில்லை.

நான் உங்களிடத்தில் இருந்தால் முதலில் செய்வது: மெனுவில் ஸ்பீக்கரை "ஸ்மோல்" என்று மாற்றி, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச் சத்தமெல்லாம் சப்வூஃபர் என்ற தனி ஸ்பீக்கருக்குப் போக விடுவேன். சப்வூஃபருக்குள் சொந்த அம்ப் இருக்கிறது, பாரத்தை அது தூக்கும். சிலருக்கு "ஸ்மோல்" என்ற சொல்லே கௌரவக் குறைச்சல், மாற்ற மாட்டார்கள்.

அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பிறகு, ஐப்பசி கார்த்திகையில் மின்னல் அடிக்கும்போது பிளக்கோடு அன்ரெனா வயரையும் கழற்றுங்கள். அந்த இரண்டு மாதத்தில் எனக்கு வரும் வேலையில் பாதி அந்த வயர் வழியாக வந்தது.

நிலாவெளியிலிருந்து:

அண்ணை சொன்னதோடு உப்புக் காற்றையும் சேருங்கள். எங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கம். ஒரு வருடத்தில் ஸ்பீக்கர் வயரின் செம்பு பச்சையாகிவிட்டது, ஒரு பக்கம் மெல்லக் கேட்கத் தொடங்கியது. ரிசீவரைத்தான் சந்தேகப்பட்டேன். வயரை ஒரு அங்குலம் வெட்டி, புதிதாக உரித்து முறுக்கியதும் சரியாயிற்று. உள்ளே பல்லி முட்டையும் இருந்தது, அது தனிக் கதை.

பாலையூற்றிலிருந்து:

ஐந்து ஸ்பீக்கர் எல்லோருக்கும் வேண்டுமா என்று ஒரு கேள்வி. நானும் கணவரும் ரிசீவரே வாங்கவில்லை. இரண்டு ஸ்பீக்கர், ஒப்டிகல் துளை உள்ள ஒரு சாதாரண ஸ்டீரியோ அம்ப், டிவியிலிருந்து ஒப்டிகல் வயர். டிவியில் சத்தத்தை "பிசிஎம்" (சுருக்காத சாதாரண வடிவம்) என்று மாற்றிவிட்டால் போதும். இரண்டுக்கும் நடுவில் நேராக இருந்தால் பேச்சு திரையிலிருந்து வருவது போலவே கேட்கும். ஓரத்தில் இருப்பவருக்கு அப்படிக் கேட்காது, ஆகவே நடு இடத்துக்கு எங்கள் வீட்டில் சண்டை.

உவர்மலையிலிருந்து, மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணை சொன்னபடி ஸ்மோல், 80 என்று மாற்றினேன், வெளியே எடுத்து வைத்தேன். டிக் சத்தம் பெருமளவு நின்றது. ஆனால் கூட்டினால் இன்னும் சூடாகிறது. கடைசியில் அதைக் கொடுத்துவிட்டு, கொழும்பில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போன நண்பர் மூலம் வேறொன்று எடுத்தேன், 62,000. பழையது, ஆனால் 4 ஓம் வரை தாங்கும் என்று கம்பனியே எழுதியிருக்கிறது, பின்னால் வேறொரு அம்புக்குச் சத்தம் கொடுக்கும் ப்ரீ அவுட் துளைகளும் இருக்கின்றன. பிறகு ஒரு நாள் தனி அம்ப் வைக்க நினைத்தால் வழி உண்டு. 45,000 ரூபாய்க்காரரில் அந்தத் துளைகள் இருக்கவில்லை. பாரம் 11 கிலோ, முந்தியது 7. உள்ளே ட்ரான்ஸ்போமர் பெரிது என்று கைக்கே தெரிகிறது.

பழையது என்பதால் 4கே படம் அதற்குள்ளால் போகாது, அதற்குத் தேவையான எச்.டி.சி.பி. 2.2 என்ற கொப்பி பாதுகாப்பு முறை இதில் இல்லை. அதனால் படம் ஓடும் பெட்டியை நேரே டிவிக்குக் கொடுத்து, சத்தத்தை மட்டும் ஏ.ஆர்.சி. (டிவியின் சத்தத்தை எச்.டி.எம்.ஐ. வயரிலேயே திருப்பி அனுப்பும் வழி) வழியாக ரிசீவருக்கு எடுத்தேன். டொல்பி 5.1 வருகிறது, எனக்கு அது போதும்.

ஒரே குறை, அறையில் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று அளந்து ரிசீவரைச் சரிசெய்யும் மைக் வரவில்லை. யாரிடமாவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடன் தருவீர்களா?

நிலாவெளியிலிருந்து:

என்னிடம் ஒன்று இருக்கிறது, ஆனால் எந்தக் கம்பனி என்று முதலில் சொல்லுங்கள். ஒன்றின் மைக் இன்னொன்றுக்குச் சரிவராது, பிழையான கணக்குத்தான் தரும். அளக்கும்போது மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். எங்கள் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியால் நான் அதை நாலு தரம் திரும்பச் செய்தேன். திருவிழா முடிந்ததும் வாருங்கள், தருகிறேன்.