ஹார்டு டிஸ்கில் உள்ள இசைச் சேகரிப்புக்கு எந்த ஸ்ட்ரீமர் ஏற்றது?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். சிடிகளையும் கேசட்டுகளையும் கணினிக்கு மாற்றிச் சேர்த்த என் இசைச் சேகரிப்பு ஏறத்தாழ 1 டிபி அளவுக்கு வளர்ந்து, ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. சிடியிலிருந்து எடுத்தவை ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்புகள், மற்றவை எம்பி3. பாதிக்கு மேல் கர்நாடகக் கச்சேரிகள், மீதி தமிழ்த் திரையிசை, கொஞ்சம் இந்துஸ்தானி. இதுவரை மடிக்கணினியை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துக் கேட்டு வந்தோம். இனி கூடத்தில் நிரந்தரமாக வைக்கும்படி ஒரு ஸ்ட்ரீமர் (டிஸ்கிலோ வலைப்பின்னலிலோ உள்ள இசைக் கோப்புகளை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் கருவி) வாங்க எண்ணியிருக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் பழையது, அதில் ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை அனலாக் துளைகள்) உள்ளீடு மட்டுமே உண்டு.

கடைகளில் விசாரித்தால் எந்தெந்தச் சந்தாச் சேவை அதில் வரும் என்றுதான் சொல்லத் தொடங்குகிறார்கள். என்னிடம் இருப்பவற்றில் பெரும்பகுதி அந்தச் சேவைகளில் கிடைக்காது என்பதால் எனக்கு அது பொருட்டல்ல. ராகம், தானம், பல்லவி என்று சிடியில் தனித்தனித் தடங்களாகப் பிரித்திருப்பவை நடுவில் இடைவெளி விழாமல் ஒலிக்க வேண்டும். ராகத்தின் பெயரைக் கொண்டு தேட முடிய வேண்டும். ஸ்மார்ட்போன் பழக்கமில்லாத என் தந்தையாரும் தாமாகவே போட்டுக் கேட்க வேண்டும். 30,000 ரூபாய்க்குள் இது கைகூடுமா?

சுருதிப்பெட்டி:

வணக்கம் ஐயா. எந்தப் பெட்டி என்பதற்கு முன், உங்கள் ஹார்டு டிஸ்கைப் படித்து அட்டவணைப்படுத்தப் போவது யார் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். சொந்தச் சேகரிப்பு வைத்திருப்பவருக்கு ஸ்ட்ரீமரின் ஒலித்தரம் இரண்டாம் பட்சம்தான். இன்று நடுத்தர விலையில் வரும் கருவிகளில் பெரும்பாலானவை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை இயக்குகின்றன. சிடி கோப்பு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. ஆயிரக்கணக்கான தடங்களை எந்த மென்பொருள் எப்படி வரிசைப்படுத்திக் காட்டுகிறது என்பதில்தான் அன்றாடம் நீங்கள் படப்போகும் சுகமும் எரிச்சலும் அடங்கியிருக்கின்றன.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஹார்டு டிஸ்கை நேராக ஸ்ட்ரீமரின் யுஎஸ்பி துளையில் செருகி, அந்தக் கருவியே அட்டவணை போடும்படி விடலாம். 2024-இல் வந்த வீம் அல்ட்ரா என்ற ஸ்ட்ரீமரில் இந்த வசதி உண்டு, ஆனால் அதே நிறுவனத்தின் விலை குறைந்த வீம் புரோவில் சேமிப்புக்கான யுஎஸ்பி துளையே கிடையாது. கடையில் இதைத் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது வழி, கோப்புகளை ஒரு நாஸிலோ (வலைப்பின்னலில் இணையும் சேமிப்புப் பெட்டி) எப்போதும் இயங்கும் ஒரு சிறு கணினியிலோ பகிர்ந்து வைத்து, ப்ளூசவுண்ட் நோட் போன்ற ஒரு கருவி அந்த ஃபோல்டரை வலைப்பின்னல் வழியாகத் தானே படித்துக்கொள்ளச் செய்வது. அது நல்ல கருவிதான், ஆனால் உங்கள் தொகைக்குள் அடங்காது. மூன்றாவது, தனியே ஒரு சர்வர் மென்பொருளை நிறுவி, டிஎல்என்ஏ (வீட்டு வலைப்பின்னலில் கருவிகள் இசையைப் பகிர்ந்துகொள்ளும் பொதுமுறை) வழியாக, அதை ஆதரிக்கும் எந்த ஸ்ட்ரீமருக்கும் பாட்டை அனுப்புவது.

உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழியைத்தான், அதற்குக் காரணம் ராகம். வணிகக் கருவிகளின் செயலிகள் பெரும்பாலும் கலைஞர், ஆல்பம், வகை, இசையமைப்பாளர் என்பதோடு நின்றுவிடும். மினிம்சர்வர் என்ற மென்பொருளில் எந்தெந்த டேக்குகளை (கோப்புக்குள் எழுதிவைக்கும் விவரக் குறிப்புகள்) கொண்டு அட்டவணை போட வேண்டும் என்பதை நாமே எழுதிக் கொடுக்கலாம். ஒவ்வொரு கோப்பிலும் ‘ராகம்’, ‘தாளம்’ என்று தனி டேக் இட்டு அவற்றை அந்த அமைப்பில் சேர்த்துவிட்டால், காம்போதியைத் தொட்டதும் உங்களிடமுள்ள காம்போதிகள் எல்லாம் வந்து நிற்கும். அதற்குள் பாடகரைத் தேர்ந்து மேலும் குறுக்கிக்கொள்ளலாம்.

இடைவெளி குறித்து ஓர் எச்சரிக்கை. டிஎல்என்ஏவுக்கு அடிப்படையான யுபிஎன்பி நெறிமுறையில், அடுத்த தடத்தின் முகவரியை முன்கூட்டியே ஸ்ட்ரீமருக்குக் கொடுத்து வைக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது; ஆனால் அது கட்டாயமானது அல்ல. ஸ்ட்ரீமர், கட்டுப்படுத்தும் செயலி ஆகிய இரண்டுமே அதை ஆதரித்தால்தான் தானத்திலிருந்து பல்லவிக்குத் தடையின்றிப் போகும். ஆகவே விவரத்தாளை நம்பாமல், நீங்கள் பயன்படுத்தப் போகும் செயலியைக் கொண்டே கடையில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். எம்பி3 கோப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுருக்கும்போதே முன்னும் பின்னும் ஒரு சிறு மௌனம் சேர்ந்துவிடும். லேம் போன்ற என்கோடர்கள் (சுருக்கும் மென்பொருள்கள்) அதன் அளவைக் கோப்பிலேயே குறித்து வைக்கின்றன, ஆனால் இயக்கும் கருவி அந்தக் குறிப்பை மதிக்க வேண்டும். அவற்றை ஃபிளாக்காக மாற்றிச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்க வேண்டாம். கோப்பு பெரிதாகுமே தவிர, போன ஒலி திரும்பாது.

கரூர் வாசகன்:

நண்பர் சுருதிப்பெட்டி சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. டிஎல்என்ஏவில் இடைவெளிக்காக இத்தனை சோதிப்பதைவிட, லிரியன் மியூசிக் சர்வருக்குப் போய்விடுவது நிம்மதி. பழைய ஸ்க்வீஸ்பாக்ஸ் கருவிகளுக்காக உருவான மென்பொருள் அது. லாஜிடெக் நிறுவனம் 2012-இல் அந்தக் கருவிகளைக் கைவிட்ட பிறகும் ஆர்வலர்கள் அதை விடாமல் வளர்த்து வந்து, 2024-இல் இப்போதைய பெயரைச் சூட்டினார்கள். விலை கிடையாது. பாட்டு வரிசை சர்வரிலேயே இருப்பதால், கைபேசியை எடுத்துக்கொண்டு யாரேனும் வெளியே போனாலும் கச்சேரி நிற்காது. சாதாரண டிஎல்என்ஏ செயலிகள் பலவற்றில் வரிசை கைபேசியில்தான் இருக்கும் என்பதால், கைபேசி விலகியதும் நடக்கும் பாட்டோடு இசை நின்றுவிடும்.

ஒரு ராஸ்பெரி பை 4 (உள்ளங்கை அளவுக் கணினி), அதன் மேல் பொருத்தும் ஒரு டிஏசி அட்டை (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றுவது), பைகோர்பிளேயர் என்ற இயக்க மென்பொருள் ஆகியவை போதும். சர்வரும் இயக்கியும் ஒரே பெட்டியில் அடங்கிவிடும், டிஏசி அட்டையின் ஆர்சிஏ வெளியீடு உங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு நேராகப் போய்விடும். பைகோர்பிளேயரை நான் குறிப்பாகச் சொல்வது நம் ஊர் மின்வெட்டுக்காக. மற்றப் பல அமைப்புகள் இயங்கும்போது மெமரி கார்டில் எழுதிக்கொண்டே இருப்பதால், திடீரென மின்சாரம் போனால் கார்டு கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. இது தொடங்கியதும் முழுவதையும் ராமில் ஏற்றிக்கொண்டு இயங்குவதால் அந்த அச்சம் குறைவு. ஹார்டு டிஸ்கைப் பற்றி மட்டும் கவனம் வேண்டும்: பை 4-இன் யுஎஸ்பி துளைகள் நான்கும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும். தனி மின்சாரம் இல்லாத வெளி டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதற்கு அது போதாமல் போகலாம் என்பதால், மின் இணைப்புள்ள யுஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைத்துவிடுங்கள்.

வைஃபை போதுமா என்ற கேள்வி அடுத்து வரும். சிடி தரம் சுருக்கப்படாத நிலையிலேயே விநாடிக்கு 1.4 மெகாபிட்தான், 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ்கூட 9.2 மெகாபிட்டைத் தாண்டாது. கூடத்துக்கும் ரூட்டருக்கும் நடுவே இரண்டு செங்கல் சுவர்கள் இருந்தால் மட்டும் லேன் கேபிள் இழுங்கள். விலை உயர்ந்த லேன் கேபிளில் தம்புரா இனிமையாகக் கேட்கிறது என்பாரோடு வாதிட எனக்கு நேரமில்லை.

காவிரிக்கரை:

இருவருக்கும் நன்றி. சொந்தமாக ராஸ்பெரி பை அமைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு; பழுதானால் வீட்டில் வேறு யாருக்கும் புரியாது. மேலும், என் கோப்புகளில் டேக் ஒழுங்காக இல்லை. ஒரே திரைப்படத்தின் பாடல்கள் ஐந்தாறு ஆல்பங்களாகச் சிதறித் தெரிகின்றன, சில தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. இதை எந்த ஸ்ட்ரீமர் சரியாகக் காட்டும்?

தடம் தேடி:

ஐயா, எந்த ஸ்ட்ரீமரும் அதைச் சரிசெய்யாது. கோப்பில் உள்ளதைத்தான் அது காட்டும். திரைப்பட ஆல்பம் சிதறுவதற்குக் காரணம், ஒவ்வொரு பாட்டிலும் பாடகர் பெயர் வேறாக இருந்து ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற டேக் வெறுமையாக இருப்பதே. எளிய கருவி ஒன்று போதும்: எம்பி3டேக் என்ற மென்பொருளில் படத்தின் பாடல்கள் எல்லாவற்றையும் ஒருசேரத் தேர்ந்து, அந்த இடத்தில் இசையமைப்பாளர் பெயரை இட்டால் ஒரே ஆல்பமாகக் கூடிவிடும். பெயரை எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள்; இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுவதால் எத்தனையோ சேகரிப்புகளில் அவர் மூவராக உலவுகிறார்.

கட்டங்கள் இரண்டு காரணங்களால் வரலாம். யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சான டேக்குகளை மாற்றியோ மறுபடி எழுதியோதான் ஆக வேண்டும். டேக் யுனிகோடிலேயே இருந்தும் கருவியின் சிறு திரையில் தமிழ் எழுத்துரு இல்லாததால் கட்டம் தெரிந்தால், கைபேசியிலோ உலாவியிலோ அதே பெயர் சரியாகத் தெரியும். திரையுள்ள கருவி வாங்குவதானால், தமிழில் டேக் இட்ட ஒரு பாட்டைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

ராக டேக் இடும்போது இந்துஸ்தானியைத் தனியே குறியுங்கள். அவர்களுடைய தோடி நமது சுபபந்துவராளிக்கு நெருக்கமானது. நமது தோடியின் சுரங்கள் அவர்களுடைய பைரவி தாட்டில் (தாட் என்பது அவர்களுடைய ராக வகைப்பாடு) வரும். ‘தோடி’ என்று மட்டும் இட்டால் இரண்டும் ஒரே பட்டியலில் கலந்துவிடும்.

தயக்கம் இருப்பதால் நடுவழி ஒன்று சொல்கிறேன். பழைய மடிக்கணினியில் லிரியனை நிறுவி, அலமாரியில் வைத்து ஹார்டு டிஸ்கை அதிலேயே இணைத்துவிடுங்கள். கூடத்துக்கு வீம் புரோ வாங்குங்கள். அதில் ஆர்சிஏ வெளியீடு உண்டு, லிரியனுக்கான இயக்கியாகவும் அது செயல்படும். மடிக்கணினியில் மின்கலம் இருப்பதால் சிறு மின்வெட்டுகளில் சர்வர் நிற்காது. ராக டேக்தான் முதன்மை என்று பிறகு தோன்றினால், அதே மடிக்கணினியில் மினிம்சர்வரையும் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே ஃபோல்டரைப் படிப்பதில் தடையில்லை.

தந்தையாருக்கு, ரிமோட்டில் பிடித்ததை முன்கூட்டியே பதிந்து வைக்கும் (ப்ரீசெட்) பொத்தான்கள் உள்ள கருவியா என்று பாருங்கள். இணைய வானொலியை மட்டுமல்லாமல், உங்கள் சொந்தப் பட்டியலையும் அந்தப் பொத்தானில் பதிய முடிகிறதா என்று கேளுங்கள். முடியாவிட்டால், லிரியனின் பக்கத்தை உலாவியில் திறந்து வைத்த ஒரு பழைய டேப்லெட்டை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிறுத்தி, அவருக்குப் பிடித்த பட்டியல்களை மட்டும் முதல் பக்கத்தில் வைத்துக்கொடுக்கலாம். வாங்குவதற்கு முன் அந்த 1 டிபிக்கு இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்துவிடுங்கள், ஏனெனில் டேக் திருத்தும்போது நீங்கள் மாற்றப்போவது மூலக் கோப்புகளையே.