கண்ணாடி மணியில் மைக்காப் பொடி நிற்கவில்லை: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். கீழக்கரையில் என் வீட்டு மாடி அறையில், கண்ணாடிக் கோல்களை டார்ச் சுடரில் உருக்கி, களிமண் குழம்பு பூசிய எஃகுக் கம்பியில் சுற்றி மணிகள் செய்து வருகிறேன். அழகன்குளம் அகழாய்வில் வெளிப்பட்ட பழங்கால மணிகளைப் பற்றி அறிந்த பிறகே இந்தக் கலையில் எனக்கு ஆசை பிறந்தது.

சூடான மணியை மைக்கா (அப்பிரகம் எனும் மினுமினுக்கும் கனிமம்) பொடியில் உருட்டி எடுத்தால், சிப்பியின் உட்புறம் போல அழகாக மின்னுகிறது. ஆனால் ஆறியபின் கட்டைவிரலால் தேய்த்தால் பாதிப் பொடி விரலோடு வந்துவிடுகிறது. மைக்கா கண்ணாடி இளகும் சூட்டில் உருகுவதில்லை என்பதால் தானாகப் பிடிக்காது என்று புரிகிறது. நன்றாகப் பதியட்டும் என்று மீண்டும் சுடரில் காட்டினால் மினுமினுப்புப் போய்ச் சாம்பல் நிறமாகிறது. மேலே நிறமற்ற கண்ணாடியைச் சுற்றி மூடினாலோ, இடையில் கடுகைவிடச் சிறிய குமிழிகள் வரிசையாகச் சிக்கிக்கொள்கின்றன. குமிழி இல்லாமல் மூடுவது எப்படி?

மைக்காவுக்குப் பதில் எனாமல் பொடியைத் தூவினால், அது கண்ணாடித் தூளே என்பதால் ஒட்டிக்கொள்கிறது. ஆயினும் கடற்காற்றின் ஈரத்தில் அது கட்டிதட்டிவிடுவதால், சல்லடையில் தூவும்போது திட்டுத்திட்டாக விழுகிறது. என் கோல்களின் விரிவு எண் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் எண்) 104. செம்புத் தகட்டுக்கென விற்கும் எனாமலை இவற்றில் பூசினால் பின்னாளில் விரிசல் விடுமா? மணிகளைச் சூளையில் சுமார் 510 டிகிரி செல்சியஸில் வைத்துத்தான் மெதுவாக ஆறவிடுகிறேன்.

இதைச் செய்து பழகியவர்கள் தங்கள் முறையைப் படிப்படியாக எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.