காஞ்ச ஓடைல ஒரு நாள் நடை: கண்டிகோட்டா போறவங்க இத படிச்சிட்டு போங்க

டிசம்பர்ல ஆந்திரால கடப்பா பக்கம் இருக்கற கண்டிகோட்டா போறோம், கோட்டைய மட்டும் பாத்துட்டு திரும்பாம கீழ ஓடை வழியா ஒரு நாள் முழுக்க நடக்கலாமான்னு ஒருத்தங்க கேட்டிருந்தாங்க, அதுக்குத்தான் இத எழுதறேன். தாராளமா நடக்கலாங்க. ஆனா ஷூ, பேக்னு யோசிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்த மனசுல ஏத்திக்கோங்க. நீங்க நிக்கிற இடத்துல வெயில் கொளுத்தலாம், ஓடைல வரப்போறது மேல எங்கயோ பேஞ்ச மழை.

பெங்களூர்ல இருந்து சுமாரா 280 கிலோமீட்டர், பாகேபள்ளி, கதிரி வழியா ஜம்மலமடுகு பக்கம். காலைல கிளம்பி அன்னிக்கே நடந்துட்டு ராத்திரி வண்டி ஓட்டி திரும்பற பிளான் வேணவே வேணாம், முந்தின நாளே போய் ஹரிதா ஹோட்டல்லயோ டென்ட்லயோ தங்கிடுங்க. கோட்டைக்கு கீழ இருக்கற பள்ளத்தாக்க அறுத்தது பெண்ணாறு, நம்ம நந்தி மலைப் பக்கம் பொறந்து நெல்லூர் தாண்டி கடலுக்கு போற ஆறு. இப்ப பள்ளத்தாக்குக்குள்ள அணைத் தண்ணி நிக்கும், அதனால ஆத்துக்குள்ள நடக்க முடியாது, பக்கத்து மலைல இருந்து இறங்கற சின்ன ஓடைங்கதான் நடக்கற இடம். வருசத்துல பாதிக்கு மேல ஒரு சொட்டு தண்ணி இருக்காது, மணலும் உருண்டைக் கல்லும் செவப்புப் பாறையுமா அவ்ளோ அழகா இருக்கும்.

நாங்க போனது அக்டோபர் கடைசி. நல்ல வெயில், வடக்கால மட்டும் கொஞ்சம் கருப்பா மேகம். ஓடை குறுகுற இடத்துல ஆடு மேச்சுக்கிட்டு ஒரு பெரியவர் நின்னாரு, தோள்ல கருப்புக் கம்பளி. எங்களப் பாத்ததும் குச்சிய நீட்டி "பைன வான, பைன வான"ன்னாரு, மேல மழைன்னு. ஆட்டையெல்லாம் அவரு ஏற்கனவே கரைல ஏத்திட்டாரு, அதப் பாத்ததுமே எங்களுக்கு வேற பேச்சே தோணல, எல்லாரும் பாறை மேல ஏறி உக்காந்துட்டோம். அரை மணி நேரம் ஒண்ணும் வரல. அப்புறம் மணல் மேல விரல் அகலத்துக்கு ஒரு தண்ணி, முன்னாடி காஞ்ச எலையும் ஆட்டுப் புழுக்கையும் பழுப்பு நுரையுமா தள்ளிக்கிட்டு மெதுவா ஊர்ந்து வந்துச்சு. இதுக்கா பயந்தோம்னு ஒருத்தன் கேட்டு முடிக்கல, பின்னாடியே கல்லு உருள்ற சத்தம், பாத்துக்கிட்டு இருக்கும்போதே நாங்க நடந்து வந்த இடம் இடுப்பளவு சேத்துத் தண்ணி. அந்தப் பெரியவர் கையப் பிடிச்சு கும்பிட்டுட்டுதான் வந்தோம்.

அதனால வானிலை பாக்கும்போது கண்டிகோட்டாவ மட்டும் போட்டு பாக்காதீங்க, ஓடை எந்த மலைல இருந்து இறங்குதோ அந்தப் பக்கமும் பாருங்க, முந்தின ராத்திரி மழையும் கணக்குல எடுங்க. கரைல இருக்கற புதர்ல குச்சி, வைக்கோல், பிளாஸ்டிக் கவர் சிக்கியிருக்கும், அது எவ்ளோ உயரத்துல இருக்குன்னு நிமிந்து பாருங்க, போன தடவ தண்ணி அதுவரைக்கும் வந்திருக்கு. உங்க தலைக்கு மேல இருந்தா அந்த எடத்துல உக்காந்து சாப்பிடாதீங்க. கடப்பா சீமைல டிசம்பர் வரைக்கும் புயல் மழை வரும். 2021 நவம்பர்ல செய்யேறு பொங்கி அன்னமய்யா அணையே உடைஞ்சு ஊருங்க அழிஞ்சுது, மத்த நாள்ல பாத்தா வெறும் மணலாக் கிடக்கற ஆறு அது.

----

அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. நான் ஒயிட்ஃபீல்ட்ல இருக்கேன், கம்பெனி வேலையா அமெரிக்கால ஃபீனிக்ஸ்ல இருந்தப்ப ஆன்டிலோப் கேன்யன்ங்கற குறுகலான பாறைச் சந்துக்கு போனோம், நவஹோ பழங்குடி கைடு இல்லாம உள்ளயே விடமாட்டாங்க. 1997 ஆகஸ்ட் 12 அன்னிக்கு அங்க 11 பேர் செத்துப் போனாங்க, மழை பேஞ்சது பல மைல் தள்ளி. அந்தச் சந்துல ரெண்டு கையையும் நீட்டினா ரெண்டு பக்கமும் பாறை இடிக்குது, தண்ணி வந்தா ஒதுங்க ஒரு அடி இடம் கிடையாது. பக்கத்து யூட்டா மாநிலத்துல ஸயான் பார்க்லயும் 2015 செப்டம்பர்ல கீஹோல் கேன்யன்ல ஏழு பேர் போயிட்டாங்க. அங்க திடீர் வெள்ளம் வர வாய்ப்பு எவ்ளோன்னு தினமும் போடுவாங்க, கொஞ்சம் சந்தேகம்னாலும் குறுகலான பாதைய நாங்க விட்டுடுவோம். நம்ம ஊர்ல ஒவ்வொரு ஓடைக்கும் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது, அதனால ஊர்க்காரங்க ஒருத்தர கூட கூட்டிட்டு போங்க, அவங்களுக்கு குடுக்கற காசுல பேரம் பேசாதீங்க ப்ளீஸ்.

----

தண்ணி பத்தி யாரும் சொல்லலையே. ஆளுக்கு 4 லிட்டர், குறைக்காதீங்க, ஓடைல கிடைக்கும்னு நம்பாதீங்க. வெறும் தண்ணியா குடிச்சிக்கிட்டே இருந்தாலும் ஆகாது, வேர்வைல உப்பு போயிடும், எங்க கூட வந்த பையன் அப்படித்தான் தலைவலி வாந்தின்னு உக்காந்துட்டான். ஓஆர்எஸ் பாக்கெட், புளிசாதம், ஊறுகா, உப்புக் கடலை எடுத்துக்கோங்க. மணல்லயும் உருண்டைக் கல்லுலயும் பெங்களூர் கப்பன் பார்க்ல நடக்கற வேகத்துல பாதிதான் வரும், கணுக்கால் பிசகறதும் அங்கதான். வெளிச்சம் வந்ததும் கிளம்பி, பத்தரைக்கு எங்க இருந்தாலும் திரும்பிடுங்க. பாறை இடுக்குல பாக்காம கைய வைக்காதீங்க, சுருட்டை விரியன் இருக்கற ஊரு. சறுக்கி இறங்கற பாறை வந்தா, திரும்ப ஏற முடியுமான்னு மேல நின்னே முடிவு பண்ணுங்க. பள்ளத்துக்குள்ள சிக்னல் இருக்காது, எந்த ஓடை, எத்தன பேரு, எத்தன மணிக்கு திரும்புவீங்கன்னு பேப்பர்ல எழுதி ஹோட்டல் ரிசப்ஷன்ல குடுத்துட்டு போங்க.