5 மாதக் குழந்தைக்கு ஒரு கண்ணில் ஓயாமல் நீர், பீளை: மசாஜ் எப்படி, குத்தி விடுவது எப்போது?

உசிலை செவிலி

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். 5 மாத ஆண் குழந்தை. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து வலது கண்ணில் நீர் கட்டி நிற்கிறது. காலையில் இமை ஒட்டிக்கொண்டு மஞ்சள் பீளை. வெள்ளைவிழி சிவக்கவில்லை, வெளிச்சத்துக்குக் கூசவில்லை, எடை சரியாக ஏறுகிறது. கண்ணீர்க் குழாய் அடைப்பு என்று மசாஜும் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சொட்டு விடும்வரை பீளை குறைகிறது, நிறுத்திய நாலாம் நாள் பழையபடி.

அம்மா இரண்டு மாதமாக மசாஜ் செய்கிறார். செய்து காட்டச் சொன்னேன்: மூக்குத்தண்டின் பக்கத்தில் மேலும் கீழுமாகத் தேய்க்கிறார். அது சரியா? அப்பத்தா தாய்ப்பாலைக் கண்ணில் பீச்சிவிடச் சொல்கிறார், ராத்திரி விளக்கெண்ணெய் ஒரு சொட்டு. கம்பி விட்டு அடைப்பைத் திறக்கிற 'குத்தி விடுவது' எந்த வயதில் நல்லது?

இன்னொன்று. அந்த அப்பத்தாவுக்கு 64 வயது. கண்புரை ஆபரேஷனுக்குப் போனவரை, டக்ட் (கண்ணீர்க் குழாய்) அடைத்திருக்கிறது, சீழ் வருகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புரை கண்ணுக்குள், அடைப்பு மூக்குப் பக்கம், ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார். அவருக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?

தெப்பக்குளம் (குழந்தைகள் கண் மருத்துவம்)

சிஸ்டர், அந்த அம்மா இரண்டு மாதமும் பாடுபட்டிருக்கிறார், ஆனால் தேய்த்த இடம் தப்பு. மூக்குத்தண்டில் எலும்புதான் இருக்கிறது. அதைத் தேய்த்தால் தோல்தான் சிவக்கும்.

கண்ணின் உள்மூலையில், மேல் இமையில் ஒன்றும் கீழ் இமையில் ஒன்றுமாக ஊசிமுனை அளவு துளை இருக்கிறது. அங்கிருந்து கண்ணீர் இரண்டு மெல்லிய வாய்க்கால் வழியாகக் கண்ணீர்ப் பைக்கு வந்து, பையிலிருந்து குழாயில் இறங்கி, மூக்குக்குள் கீழ்ப்புறம் போய் விழும். அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். பிறக்கும்போது சில குழந்தைகளுக்குக் குழாயின் கடைசி வாயில் ஒரு மெல்லிய சவ்வு திறக்காமலே நிற்கும். மடை திறக்காத கண்மாய் மாதிரி நீர் பையில் தேங்கும், தேங்கியதில் கிருமி வளரும், பீளை தள்ளும். சொட்டு மருந்து கிருமியைக் குறைக்குமே தவிர சவ்வைத் திறக்காது. நிறுத்தியதும் திரும்புவதன் காரணம் அவ்வளவுதான்.

மசாஜின் வேலை, தேங்கிய நீரைக் கொண்டே அந்தச் சவ்வைக் கீழ்நோக்கி முட்ட வைப்பது. 1923-இல் கிரிக்ளர் என்ற மருத்துவர் எழுதிய முறைதான் இன்றைக்கும். அம்மாவுக்கு இப்படிக் காட்டுங்கள்:

முதலில் நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சுண்டுவிரல் அல்லது ஆள்காட்டி விரலின் சதைப்பகுதியைக் கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே நூல் மாதிரி ஒரு தசைநார் தட்டுப்படும். அதன் பின்னால், சற்றுக் கீழே, எலும்பில் ஒரு சின்னப் பள்ளம். பை அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. மெதுவாக அமுக்கினால் இமைத் துளை வழியே ஒரு சொட்டுப் பீளை வெளியே எட்டிப் பார்க்கும். வந்தால் விரல் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் துடைத்துவிடுங்கள்.

அடுத்து, விரலை எலும்பை நோக்கி உள்ளே அழுத்தி, அழுத்தத்தை விடாமல் மூக்கை ஒட்டி 1 செ.மீ. கீழே இழுக்க வேண்டும். மேலே உள்ள வாய்க்காலை விரலே அடைத்துக்கொள்வதால் நீர் கண்ணுக்குத் திரும்ப முடியாது, கீழேதான் முட்டும். கீழே வந்ததும் விரலை எடுத்துவிட்டு மறுபடி மேலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விரலை எடுக்காமல் மேல்நோக்கியும் தேய்த்தால் பையில் இருப்பது கண்ணுக்கே திரும்பி வரும். ஒரு வேளைக்கு 10 தடவை, ஒரு நாளைக்கு 4 வேளை. பால் குடிக்கும்போது செய்தால் குழந்தை தலையை ஆட்டாது.

அழுத்தம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் தடுமாறுவார்கள். அழுத்தும் விரலின் நகம் லேசாக வெளுக்க வேண்டும், அந்த அளவு. முதலில் அம்மாவின் கண்மூலையில் நீங்கள் அழுத்திக் காட்டுங்கள், பிறகு உங்கள் கண்மூலையில் அவர் அழுத்தட்டும். பூவைத் தடவுகிற மாதிரி தடவினால் பலன் இல்லை. கண் உருண்டை மேல் மட்டும் விரல் படவே கூடாது.

இப்படிச் செய்தால், செய்யாவிட்டாலும்கூட, பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துவிடும். ஆகவே 5 மாதத்தில் அவசரம் இல்லை.

ஆனால் உள்மூலையில் சிவந்து, சூடாக, வலியுடன் வீங்கினால் மசாஜை அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். கருவிழி பெரிதாக, மங்கலாக, வெளிச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நீர் வடிந்தால் அது குழாய் அடைப்பு அல்ல, பிறவிக் கண் நீர் அழுத்தமாக இருக்கலாம். ஒரு நாளும் தள்ளக் கூடாது. பிறந்த சில நாளில் உள்மூலையில் நீலம் பூத்த கட்டி தெரிந்து, பால் குடிக்கும்போது மூச்சுத் திணறினால் அதுவும் அவசரம். பச்சிளங்குழந்தை மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும், அந்தக் கட்டி மூக்குக்குள்ளும் புடைத்து அடைத்துக்கொள்ளும். முதல் மாதத்தில் இரண்டு கண்ணும் சிவந்து சீழ் கொட்டினாலும் அப்படியே.

பாலரெங்கபுரம் (கண் பரிசோதகர்)

மேலே சொன்னதோடு சொட்டு மருந்து பற்றிக் கொஞ்சம். பீளை பச்சை கலந்து, பகலிலும் இமை ஒட்டினால் மட்டும் 1 சொட்டு, 4 வேளை, 5 முதல் 7 நாள். மசாஜ் செய்து பையைக் காலியாக்கிய பிறகு விட வேண்டும். நிரம்பிய பைக்கு மேல் விட்டால் மருந்து கன்னத்தில்தான் வழியும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கும்போது ஸ்டீராய்டு கலந்த பாட்டிலைக் கொடுத்துவிடக் கூடாது. மாதக்கணக்கில் அது போனால் கண் அழுத்தம் ஏறும், புரையும் விழும். பீளையைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால், உள்மூலையிலிருந்து வெளியே, ஒரு பஞ்சு ஒரு தடவை.

தாய்ப்பாலைக் குழந்தை குடிக்கட்டும், கண்ணில் வேண்டாம். அடைப்பை அது திறக்காது. வடிய வழியில்லாத இடத்தில் அதுவும் தேங்கும், திரிந்து இமையில் ஒட்டினால் எது பால் எது பீளை என்றே பிரிக்க முடியாது. விளக்கெண்ணெயும் கண்மையும் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்த ஊசிமுனைத் துளையை இன்னும் அடைக்கும். அப்பத்தாவிடம் "விடாதீங்க" என்று மட்டும் சொன்னால் மனசு கேட்காது. நாலு வேளை மசாஜுக்கும் நேரம் பார்த்து மருமகளுக்கு நினைவூட்டுகிற பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.

அடைப்புதானா என்று உறுதி செய்ய ஊசி எதுவும் வேண்டாம். மஞ்சள் சாயச் சொட்டு ஒன்றைக் கண்ணில் விட்டு, 5 நிமிஷம் கழித்து நீல வெளிச்சத்தில் பார்த்தால் போதும். நல்ல கண்ணில் சாயம் வடிந்து போயிருக்கும், அடைத்த கண்ணில் மஞ்சள் கட்டி நிற்கும். இமைமுடி உள்ளே மடங்கி உரசினாலும் நீர் வடியும், அதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

உசிலை செவிலி

இடம் தெளிவாகிவிட்டது, நாளைக்கே போய்க் காட்டுகிறேன். ஒரு வயது வரைக்கும் திறக்காவிட்டால்? "குத்துறதுன்னா கண்ணுக்குள்ளயா" என்று அம்மா பயப்படுகிறார்.

தெப்பக்குளம்

கண்ணுக்குள் எதுவும் போகாது, முதலில் அதைச் சொல்லுங்கள். 10 மாதத்தில் ஒருமுறை காட்டட்டும். அப்போதும் வடிந்தால் ஒரு வயதை ஒட்டிக் குத்தி விடுவது நல்லது. இரண்டு வயதைத் தாண்டத் தாண்ட முதல் தடவையிலேயே சரியாகும் வாய்ப்பு குறைகிறது.

குறைந்த நேர மயக்கம், 10 நிமிஷ வேலை. இமைத் துளையைச் சற்று விரித்து, முனை மழுங்கிய மெல்லிய கம்பியை 2 மி.மீ. நேராக இறக்கி, பிறகு படுக்கையாகத் திருப்பி மூக்கை நோக்கித் தள்ளுவோம். பக்கத்து எலும்பில் 'டக்' என்று முட்டியதும் கம்பியை நிமிர்த்தி, குழாயின் வாக்கில் கீழே இறக்குவோம். சவ்வு விடுபடுவது கையில் தெரியும். சாயம் கலந்த உப்புநீரைப் பீய்ச்சி, அது மூக்கில் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்த பிறகே முடிப்போம். இதில் தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்: இமையை வெளிப்பக்கம் நன்றாக இழுத்துப் பிடிக்காவிட்டால் வாய்க்கால் சுருங்கி மடியும், கம்பி அதைக் கிழித்துக்கொண்டு பொய்வழி போட்டுவிடும். எலும்பில் முட்டுவதற்குப் பதில் மெத்தென்று இடித்தாலே அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

வெறும் வயிறு முக்கியம். புட்டிப்பாலும் திட உணவும் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்னதாக நிறுத்த வேண்டும். வழியில் அழுகிறானே என்று பஸ்ஸில் பால் கொடுத்துவிட்டால் அன்றைக்கு மயக்கம் தர முடியாது, நுரையீரலுக்குப் பால் ஏறிவிடும். சளி, காய்ச்சல் இருந்தாலும் தள்ளிப்போடுவோம். அதனால் மார்கழிப் பனிக்காலத்தில் தேதி வாங்குவதைவிட மாசி, பங்குனி தோதுப்படும்.

அன்றைக்கு மூக்கில் இரண்டொரு சொட்டு ரத்தம் வரலாம், பயமில்லை. சொட்டு மருந்து ஒரு வாரம். சரியாகிவிட்டதா என்பதை ஒரு மாதம் கழித்துத்தான் சொல்ல வேண்டும். அப்போதும் வடிந்தால் மறுபடி குத்தலாம், அல்லது மெல்லிய சிலிகான் டியூப் வைத்து 2, 3 மாதம் கழித்து எடுக்கலாம். டியூப் வைத்த குழந்தைக்கு உள்மூலையில் நூல் போல வளையம் தெரியும். அதைக் குழந்தை இழுத்து வெளியே வந்துவிட்டால் வெட்டவும் கூடாது, உள்ளே தள்ளவும் கூடாது. கன்னத்தில் பிளாஸ்திரியால் ஒட்டிக்கொண்டு நேரே வர வேண்டும்.

வைகைக்கரை (கண் ஆபரேஷன் தியேட்டர்)

அப்பத்தா விஷயத்துக்கு வருகிறேன். திருப்பி அனுப்பியவர்கள் அவர் பார்வையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். புரை ஆபரேஷனில் கண்ணில் சின்னதாக வாசல் திறக்கிறோம். அந்த வாசலிலிருந்து ஒரு விரல் தூரத்தில் சீழ்ப்பை. அதிலிருந்து கிருமி உள்ளே போய்விட்டால் கண்ணுக்குள்ளேயே சீழ் பிடித்துப் பார்வை முழுதாகப் போகலாம். "கிணத்துல தூரெடுக்கிறப்ப பக்கத்துல சாக்கடை ஓடினா முதல்ல சாக்கடையத்தானே அடைப்போம்" என்று சொல்லுங்கள், அவருக்கு உடனே பிடிபடும்.

டக்ட் பார்ப்பது, மழுங்கிய வளைந்த ஊசியால் கீழ்த்துளையில் உப்புநீர் விடுவது. தொண்டையில் உப்புக் கரித்தால் திறந்திருக்கிறது. விட்ட துளையிலேயே தெளிவாகத் திரும்பினால் வாய்க்காலில் அடைப்பு. மேல்துளை வழியாகச் சளியும் சீழுமாக வந்தால் பைக்குக் கீழே அடைப்பு, அப்பத்தாவுடையது இந்த வகை. 40-ஐத் தாண்டிய பெண்களுக்குத்தான் அதிகம். பெரியவர்களுக்கு மசாஜோ குத்துவதோ நிலைக்காது. அவர்களுக்கு அது சவ்வு அல்ல, குழாயே உள்ளுக்குள் சுருங்கித் தழும்பாகிவிட்டது.

வழி, டி.சி.ஆர். ஆபரேஷன். பைக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய எலும்பில் 1 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து, பையை நேரே மூக்கோடு சேர்த்துவிடுவது. 1904-இல் இத்தாலியில் டோட்டி என்பவர் தொடங்கிய வழி. மரத்துப்போக ஊசி போட்டே செய்யலாம். மூக்குக்குள்ளிருந்து எண்டோஸ்கோப் வைத்துச் செய்தால் முகத்தில் தழும்பு இல்லை. ரத்தம் கசியும் ஆபரேஷன் என்பதால் பி.பி. கட்டுக்குள் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோப்பிடோகிரெல் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. முடிந்த பிறகு ஒரு வாரம் மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், முதல் நாள் சுடச்சுட எதுவும் குடிக்கக் கூடாது. ஆறி, டக்ட் திறந்திருப்பதை மறுபடி பார்த்த பிறகு புரைக்குத் தேதி கொடுப்பார்கள்.

80 வயது, இதய நோய் என்றால் பையையே எடுத்துவிடுவதும் உண்டு. சின்ன ஆபரேஷன், சீழ் நின்றுவிடும், ஆனால் கண்ணில் நீர் வடிவது நிற்காது. 64 வயதில் உடம்பு நன்றாக இருந்தால் நான் டி.சி.ஆர். பக்கம்தான் நிற்பேன். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக் கண் பிரிவிலோ அரவிந்த் கண் மருத்துவமனையிலோ காட்டலாம். குழந்தையையும் அப்பத்தாவையும் ஒரே நாளில் கூட்டி வந்தால் பஸ் செலவு மிச்சம்.

அதுவரைக்கும் அவர் கதிரறுக்க, நெல் தூற்றப் போனால் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். பையில் சீழ் உள்ளவருக்கு நெல்லுச்சுணை பட்டுக் கருவிழியில் லேசாகக் கீறினாலே போதும், அந்தச் சீழ் இறங்கிப் புண் விழுந்துவிடும். கண் உறுத்தி, கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.